போர்டின் படத்தோடு ஃபைலையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வருடா வருடம் கல்லூரி ப்ராஜெக்ட் சமயத்தில் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வரும். நாலு மாணவர்கள், கையில் ஒரு பச்சை எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு, பக்கத்தில் துறைத்தலைவர். வயலுக்குத் தானாகவே தண்ணீர் பாய்ச்சும் கருவி, கேஸ் கசிந்தால் கத்தும் கருவி என்று கீழே இரண்டு வரி. அந்தப் படங்களை நான் லென்ஸ் வைத்துக்கூடப் பார்ப்பேன், என்ன சிப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடாதா என்ற ஆசையில். தெரியாது. அடுத்த வருடம் வேறு நாலு பேர், கிட்டத்தட்ட அதே கருவி, மறுபடி முதலிலிருந்து. போன வருடப் பிள்ளைகள் ராத்திரி கண் விழித்து வரைந்த டிசைன் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, யாரோ ஒருவருடைய பழைய லேப்டாப்பில் கிடக்கும்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. பொழுதுபோக்காக ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து வருடமாகத் தீப்பெட்டி அளவு போர்டுகள் செய்கிறேன். முன்பெல்லாம் லேசர் பிரின்ட் எடுத்து, காப்பர் போர்டின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, வேண்டாத காப்பரை அரித்தெடுக்கும் பெரிக் குளோரைடில் ஊறப்போடுவேன். குளியலறைத் தரையில் அந்தக் கறை இன்றும் இருக்கிறது, அதற்கு வீட்டில் வாங்கிய திட்டும் மறக்கவில்லை. இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பினால் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. வரை ஐந்து போர்டு, சீனாவில் இரண்டு டாலருக்குக்கூடச் செய்து தருகிறார்கள், தபால் செலவும் வரியும்தான் அதைவிட அதிகம். ஐந்தில் எனக்கு வேண்டியது ஒன்று. மீதி நாலை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவேன், இந்தப் பழக்கம் உள்ள எல்லாரும் அப்படித்தான்.

ஆனால் போர்டைக் கொடுப்பது வேறு, டிசைனைக் கொடுப்பது வேறு. இங்கேதான் பலர் தப்பு செய்கிறோம், நானும் செய்தேன். போர்டு செய்பவருக்கு அனுப்புவது கெர்பர் என்ற ஃபைல். உங்களுக்குச் சொன்னால் உடனே புரியும், அது அச்சுக்குப் போகும் பிளேட் மாதிரி. எத்தனை பிரதி வேண்டுமானாலும் அடிக்கலாம், உள்ளே ஒரு எழுத்துப்பிழை இருந்தால் அதிலேயே திருத்த முடியாது, மூலப் பக்கத்துக்குத்தான் போகவேண்டும். எங்களுக்கு மூலப் பக்கம் என்றால் சர்க்யூட் படமும், டிராக் என்கிற காப்பர் கோடுகளை எல்லாம் வரைந்த லேஅவுட்டும்.

மாடித் தொட்டி நிரம்பினால் கத்துகிற சின்ன போர்டு ஒன்று செய்து, கெர்பரை மட்டும் நாகர்கோவில் நண்பருக்கு அனுப்பினேன். அவர் போர்டு அடித்து எல்லாம் மாட்டிப் பார்த்தார், சத்தமே வரவில்லை. இரண்டு நாள் போனில் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நான் போட்டது பிசி 547 டிரான்சிஸ்டர், அதன் தட்டையான பக்கம் நம்மைப் பார்க்க வைத்தால் அதன் மூன்று கால்களும் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அவர் கடையில் கிடைத்த 2என் 3904 என்ற இன்னொரு டிரான்சிஸ்டரைப் போட்டிருக்கிறார், அதில் வரிசை அப்படியே தலைகீழ். திருப்பி மாட்டியதும் கத்தியது. அந்த மூன்று துளைக்குப் பக்கத்தில் மூன்று எழுத்து அச்சிட்டிருந்தால் போன் செலவே இல்லை, எழுத்துக்குத் தனிக் காசும் கிடையாது. சரி, அப்புறம் அவர் ஒரு மட்டத்துக்குப் பதில் மூன்று மட்டம் காட்டுகிற மாதிரி மாற்றவேண்டும், மூல ஃபைலைக் கொடுங்கள் என்றார். என் ஹார்ட் டிஸ்க் போய் மாதக்கணக்கு ஆகியிருந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து முழுசாகத் திரும்ப வரைந்தேன்.

இன்னொரு கூத்து. வைஃபை சிப் வைத்த போர்டுக்கு 3.3 வோல்ட் வேண்டுமென்று வோல்டேஜைக் குறைத்து நிலையாகத் தரும் 1117 ரெகுலேட்டர் போட்டேன், ஆனால் சர்க்யூட் படத்தில் 7805 என்ற வேறொரு ரெகுலேட்டரின் குறியீட்டையே வைத்துவிட்டேன். 7805-இல் முதல் கால் இன்புட், 1117-இல் முதல் கால் கிரவுண்ட். வந்த ஐந்தும் குப்பை. அந்தப் படத்தை வேறு யாராவது ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் பிடித்திருப்பார்கள். ரிலே என்ற சுவிட்ச் வைத்து 230 வோல்ட் போகும் போர்டு என்றால் இது பணத்தோடு போகிற விஷயமும் இல்லை.

திறந்து வைத்தால் தப்பும் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று சிலருக்குக் கூச்சம். 2005-இல் இத்தாலியின் இவ்ரியா ஊரில் ஆரம்பித்த ஆர்டுயினோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டைப் பாருங்கள், அதில் வயர் செருகும் 7-ஆம் பின்னுக்கும் 8-ஆம் பின்னுக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி 2.54 மி.மீ., இருப்பதோ சுமார் 4 மி.மீ. வரையும்போது நேர்ந்த பிழை. டிசைன் திறந்து கிடந்ததால் உலகம் முழுக்க அந்தப் பிழைக்குப் பொருந்துகிற மாதிரியே அதன் மேல் செருகும் போர்டுகளைச் செய்தார்கள், இன்று அதைத் திருத்தினால்தான் வம்பு.

எந்த மென்பொருளில் வரைகிறோம் என்பதையும் மாணவர்கள் யோசிக்கவேண்டும். பலரும் கற்றுக்கொண்ட ஈகிள் என்ற மென்பொருளை 2026 ஜூன் 7-உடன் நிறுத்துவதாக அதை வைத்திருக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2023-இலேயே அறிவித்துவிட்டது. கிகேட் என்ற மென்பொருள் இலவசம், 1992-இல் பிரான்சின் கிரெனோபிளில் ஒரு பேராசிரியர் தொடங்கியது, பிறகு செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வுக்கூடமும் கை கொடுத்தது. பழைய ஈகிள் ஃபைல்களையும் திறக்கும். யாராவது திருடிவிட்டால் என்று பயப்படுகிறவர்களுக்கு, டிசைனை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும், இதற்கென்றே எழுதிய வன்பொருள் உரிமத்தை அதே செர்ன் 2011 முதல் வெளியிட்டு வருகிறது, 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மூன்று வகை உண்டு. மாற்றிச் செய்து பிறருக்குக் கொடுப்பவரும் தன் ஃபைலைத் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வகையும் அதில் இருக்கிறது.

அடுத்த பேட்ச் காப்பி அடித்துவிடும் என்று ஒரு ஆசிரியர் என்னிடம் சொன்னார். அடிக்கட்டுமே. பவர் சப்ளை பகுதியைப் போன வருடப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டால், இந்த வருடப் பிள்ளைகளுக்கு அந்த வயல் கருவியின் ஈரப்பத சென்சார் ஏன் இரண்டே மாதத்தில் அரித்துப்போகிறது என்று பார்க்க நேரம் கிடைக்கும். நான் பார்த்த எந்தக் கண்காட்சியிலும் அந்தக் கேள்விக்கு யாரும் வந்து சேரவில்லை.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை அப்படி ஒரு படம் போடும்போது, இந்த போர்டின் மூல ஃபைல் எங்கே கிடைக்கும் என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்டு, பதிலை மூன்றாவது வரியாகப் போடட்டும். எங்கும் கிடைக்காது என்பதுதான் பதில் என்றால் அதையே போடுங்கள்.

இப்படிக்கு,
மதுரை வாசகர் ஒருவர்