ஃபாஞ்சியோ இல்லைங்க, ஃபரீனா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கார் பந்தயத்தின் பழைய கதையை அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். கிரிக்கெட்டுக்கு நடுவே இதற்கு அரைப் பக்கம் கிடைத்ததே பெரிது என்று சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன், மூன்றாவது பத்தியில் காபி புரையேறிவிட்டது. 1950-இல் நடந்த முதல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் போட்டியில் பட்டம் வாங்கியவர் ஃபாஞ்சியோ என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லைங்க. ஜுசெப்பே ஃபரீனா. ஃபாஞ்சியோ ஐந்து முறை சாம்பியன் ஆனவர்தான், ஆனால் அந்தக் கணக்கு 1951-இல் தொடங்குகிறது. 1950-இல் இருவருமே இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ கம்பெனி வண்டியைத்தான் ஓட்டினார்கள். பெயர் மாறிப்போவது எங்கும் நடக்கும், அதைக்கூட விட்டுவிடலாம். "ஆல்ஃபா ரோமியோவுக்கு எதிரியே இல்லாததால் அந்த ஆண்டு சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை" என்று அடுத்த வரியில் முடித்துவிட்டீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் கணபதியில் முப்பத்தெட்டு வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவன். ரீபோர், கிராங்க் ஷாஃப்ட் கிரைண்டிங், வால்வு சீட்டிங் என்று என்ஜின் வேலைகள்தான் பிழைப்பு. அப்பா பொள்ளாச்சியில் ஒரு பஸ் ஷெட்டில் மெக்கானிக். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி கேஸில் பஸ் ஓட்டியதை அவர் சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். பஸ்ஸுக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பு, கிளீனர் பையன் முகமெல்லாம் கரியோடு ஃபேனைக் கையால் சுற்றிக்கொண்டிருப்பான், மேடு வந்தால் ஜனங்கள் இறங்கி நடக்க வேண்டும். யுத்தம் முடிந்த பிறகும் புது வண்டி எங்கே கிடைத்தது? இருந்ததையே பிரித்து, தேய்ந்ததை மாற்றி, இன்னும் பத்து வருஷம் ஓட்டினார்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியை என்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, எந்த சிலிண்டரில் சத்தம் என்று அப்பா சொல்வார். தப்பியதே இல்லை.

ஐரோப்பாவிலும் அன்றைக்கு நிலைமை இதேதான். 1950 மே 13 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் முதல் பந்தயம். அந்த இடமே யுத்த காலத்து விமானத் தளம். (நம் சோழவரமும் அப்படித்தான். எழுபதுகளில் நீலகிரி எக்ஸ்பிரஸில் நின்றுகொண்டே போய் அங்கே பந்தயம் பார்த்திருக்கிறேன், திரும்பி வந்து மூன்று நாள் காது அடைத்துக் கிடந்தது.) இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜ் வந்து உட்கார்ந்து பார்த்தார். வரிசையில் நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் யுத்தத்துக்கு முந்தைய டிசைன், அல்லது அதைத் தட்டி நிமிர்த்தியது. ஜெயித்த ஆல்ஃபா 158-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொலம்போ என்ற என்ஜினியர் மொடேனாவில் என்ஸோ ஃபெராரியின் பட்டறையில் உட்கார்ந்து வரைந்த வண்டி, முதலில் ஓடியது 1938-இல். யுத்தத்தின்போது ஒரு சீஸ் ஃபேக்டரியில் ஒளித்து வைத்திருந்தார்களாம். பன்னிரண்டு வருஷப் பழைய வண்டி!

ஆனால் பழசு பழசாகவே இருக்கவில்லை. எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர், நம் ஊரில் வீட்டுக்கு வீடு நிற்கும் காரின் என்ஜின் அளவுதான். 1938-இல் சுமார் 195 குதிரைத்திறன் கொடுத்த அதே என்ஜின் 1950-இல் 350 கொடுத்தது. எப்படி? சூப்பர்சார்ஜர். எட்டு வடிவத்தில் இரண்டு ரோட்டர் ஒன்றோடொன்று உரசாமல், உரசாத குறையாகச் சுற்றி, காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கும். அந்த இடைவெளி கொஞ்சம் கூடினால் அழுத்தம் கசிந்துவிடும், குறைந்தால் ஜாம். முதலில் ஒரே கட்டமாக இருந்ததை யுத்தத்துக்குப் பிறகு இரண்டு கட்டமாக்கினார்கள், ஒன்று அழுத்தியதை இன்னொன்று மேலும் அழுத்தும். கம்ப்யூட்டர் மிஷின் இல்லாத காலத்தில் அந்த ரோட்டரைக் கடைந்து கொடுத்தவன் யாரோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு அழுத்தினால் சூடு தாங்காது, பிஸ்டன் உருகும். அதற்காக மெத்தனால் என்ற ஆல்கஹாலை எரிபொருளாக ஊற்றினார்கள், அது ஆவியாகும்போது உள்ளே குளிரும். என் பேரன் இங்கே ஒரு காலேஜில் மெக்கானிக்கல் படிக்கிறான், சிநேகிதர்களோடு சேர்ந்து சின்னப் பந்தய வண்டி ஒன்று கட்டுகிறான், அவனிடம் இதையெல்லாம் ஆர்வமாகச் சொன்னால் முதல் கேள்வியே "மைலேஜ் எவ்வளவு தாத்தா?" எங்கள் வீட்டுப் பிள்ளை வேறு எதைக் கேட்பான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த வருஷத்தின் மொத்தக் கதையும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூடக் கொடுக்காத வண்டி அது. டேங்க் நிறைய ஊற்றினாலும் பந்தயம் முடிவதற்குள் நின்று நின்று ஊற்ற வேண்டும்.

இன்னொரு பக்கம் பிரான்சின் டால்போ. அன்றைய விதிப்படி சூப்பர்சார்ஜர் வைத்தால் ஒன்றரை லிட்டர், வைக்காவிட்டால் நாலரை லிட்டர் வரை. டால்போவில் சூப்பர்சார்ஜர் கிடையாது, பெரிய என்ஜின், கனத்த வண்டி, நம் கிராமத்து டிராக்டர் மாதிரி நிதானம், ஆனால் நிற்காமல் ஓடும். ஜூன் 18, பெல்ஜியத்தில் ஸ்பா. ஒரு சுற்றே 14 கிலோமீட்டருக்கு மேல். ஆல்ஃபாக்கள் எரிபொருள் ஊற்ற ஒவ்வொன்றாக ஒதுங்க, ரேமோன் சொம்மேர் என்பவர் தன் டால்போவில் நிற்காமல் போய் முன்னால் வந்துவிட்டார்! எதிரியே இல்லை என்றீர்களே, இதற்கு என்ன பெயர்? அந்தப் பெரிய கம்பெனியின் ஆட்களெல்லாம் ஸ்டாப் வாட்சைப் பார்த்துக் கையைப் பிசைந்திருப்பார்கள். கடைசியில் சொம்மேரின் என்ஜின் தாங்காமல் போய்விட்டது. அவரை மாதிரி விரட்டாமல் ஓட்டிய இன்னொரு டால்போ, ரோசியேருடையது, மூன்றாவதாக வந்தது. அதே செப்டம்பரில் சொம்மேர் வேறொரு சின்னப் பந்தயத்தில் இறந்துபோனார்.

அதே வருஷ மொனாக்கோ பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. துறைமுகத்து அலை எகிறி ரோட்டை நனைத்திருக்கிறது, முதல் சுற்றிலேயே ஃபரீனா அதில் சறுக்க, பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதி, 19 வண்டியில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே காலி. முன்னால் போன ஃபாஞ்சியோவுக்குப் பின்னால் நடந்தது தெரியாது. அடுத்த சுற்றில் அந்த வளைவை நெருங்கும்போது ஜனங்கள் தன்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பியிருப்பதைக் கவனித்து பிரேக்கை மிதித்தார், அவ்வளவுதான், தப்பித்தார், பந்தயத்தையும் ஜெயித்தார். லாரி டிரைவர்களைக் கேட்டால் இந்த சமாச்சாரம் புரியும்.

சரி, ஃபரீனா எப்படி ஜெயித்தார்? மொத்தம் ஏழு பந்தயம். அதில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸும் ஒன்று, பேருக்குச் சேர்த்தது, ஐரோப்பாவில் ஓட்டிய பெரிய ஆட்கள் யாரும் அந்த வருஷம் அங்கே போகவில்லை. மிச்சம் ஆறையும் ஆல்ஃபாதான் ஜெயித்தது, ஃபரீனா மூன்று, ஃபாஞ்சியோ மூன்று. ஜெயித்தால் 8 புள்ளி, அப்புறம் 6, 4, 3, 2, அதிவேகச் சுற்றுக்கு ஒன்று. ஏழில் சிறந்த நான்கு மட்டுமே கணக்கில் வரும். செப்டம்பர் 3, இத்தாலியின் மோன்ஸாவில் கடைசிப் பந்தயம் தொடங்கும்போது ஃபாஞ்சியோ 26, அதே ஆல்ஃபா அணியின் ஃபாஜியோலி 24, ஃபரீனா 22. ஃபரீனா மூன்றாவது இடத்தில் இருந்தார்! ஃபாஞ்சியோவின் கியர் பாக்ஸ் போனது. அந்தக் காலத்தில் இன்னொருவர் வண்டியை வாங்கி ஓட்டலாம், அதே அணியின் தாரூஃபி இறங்கித் தன் வண்டியைக் கொடுத்தார், அதுவும் நின்றுபோனது. ஃபரீனா ஜெயித்து 30-க்குப் போனார். அதிவேகச் சுற்றுக்கான ஒரு புள்ளி ஃபாஞ்சியோவுக்குக் கிடைத்து 27. மூன்றாவதாக வந்து சேர்ந்திருந்தால்கூட 31, பட்டம் அவருக்குத்தான். அந்த ஆறில் ஃபாஞ்சியோ முழுதாக ஓடி முடித்தது மூன்றே பந்தயம், மூன்றிலும் முதலிடம். மற்ற மூன்றிலும் வண்டி நின்றது. ஃபரீனாவுக்கோ ஸ்பாவில் வண்டி மக்கர் பண்ணியும் நான்காவதாகக் கொண்டுவந்து சேர்த்ததில் மூன்று, அங்கே அதிவேகச் சுற்றுக்கு ஒன்று, ஆக நான்கு புள்ளி. அந்த நான்கு இல்லாவிட்டால் 26-தான், மோன்ஸா ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை. என்னைக் கேட்டால் 1950-இன் பட்டம் முடிவானது அந்த நான்காவது இடத்தில். 43 வயது மனிதர், பட்டம் வாங்கிய படிப்பாளி, வண்டியை ஏறி மிதிப்பார் என்று பேர் வாங்கியவர், அன்றைக்குத்தான் இழுத்துப் பிடித்து ஓட்டினார்.

ஃபாஜியோலியை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்காது. 52 வயது. நான்கு முறை இரண்டாவது, மோன்ஸாவில் மூன்றாவது. எல்லாவற்றையும் கூட்டினால் 28, ஃபாஞ்சியோவைவிட ஒன்று கூட. ஆனால் சிறந்த நான்கு என்ற விதியால் மோன்ஸாவின் 4 புள்ளி வெட்டப்பட்டு 24-லேயே நின்றார், மூன்றாவது இடம். எங்கள் பட்டறைத் தெருவில் இதைச் சொன்னபோது ஒருவர், "அப்ப எதுக்குங்க கடைசிப் பந்தயத்துக்குப் போனாரு?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ஆசியாவிலிருந்து ஆட்கள் வந்ததெல்லாம் ரொம்பப் பின்னால்தான் என்றும் ஒரு வரி இருந்தது. சியாம், அதாவது இன்றைய தாய்லாந்து நாட்டு இளவரசர் பீரா அந்த முதல் வருஷமே மசெராட்டி ஓட்டினார். மொனாக்கோவில் ஐந்தாவது, சுவிட்சர்லாந்தில் நான்காவது, ஆக 5 புள்ளி. நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் வாங்கியதும் 5 புள்ளிதான், அதுவும் இண்டியானாபோலிஸில். இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டிருந்தால் செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய டிராக்கில் நிற்கும் பையன்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்.

எதிரி இல்லையென்று நீங்கள் எழுதிய அதே ஆல்ஃபாவை மறு வருஷம் ஜூலை 14-ஆம் தேதி, அதே சில்வர்ஸ்டோனில், ஃபெராரியின் நாலரை லிட்டர் வண்டியில் கொன்ஸாலெஸ் தோற்கடித்தார். சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டி, எரிபொருள் குறைவாகக் குடிக்கும். அதன் பெரிய என்ஜின் 1950 மோன்ஸாவிலேயே தலைகாட்டி, அஸ்காரி ஓட்டிக் கொஞ்ச நேரம் முன்னாலும் போனது. அன்றைக்கே ஆல்ஃபாக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். 1951 முடிந்ததும் கடையைக் கட்டிவிட்டார்கள்.

திருத்தம் போடுவதாக இருந்தால் அதே ஞாயிறு இணைப்பில், அதே எழுத்து அளவில் போடுங்கள். ராசி பலனுக்குக் கீழே மூலையில் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் போவது என் சம்சாரம் மட்டும்தான், அவளுக்கு ஃபரீனா கதையை ஏற்கெனவே மூன்று தடவை சொல்லியாகிவிட்டது.

இப்படிக்கு,
பழைய லேத் பட்டறைக்காரன்,
கணபதி, கோயம்புத்தூர்