சுவரைக் குறை சொல்லி அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் அனுப்பிய கைத்தொலைபேசி இல்லாத வீடு வெள்ளவத்தையில் அரிது. அப்படி வந்தவற்றுள் சில, காணொளியைத் தடங்கலின்றிக் காட்டும்; அழைப்பு வந்தால் மட்டும் ஊமையாகிவிடும். ஏன் என்று தொலைபேசி நிறுவனத்தின் சேவை நிலையத்தில் கேட்டால், "உங்கள் வீட்டில் சிக்னல் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

நான் வீட்டிலிருந்து மதியச் சாப்பாட்டுப் பார்சல் செய்து கொடுப்பவள். ஓடர் எல்லாம் தொலைபேசியில்தான். காலையில் வராத அழைப்பு எனக்கு விற்காத சோறு. ரொறன்ரோவில் இருக்கும் தங்கை புதிய கைத்தொலைபேசி அனுப்பிய பிறகு, "அக்கா, போனை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அதுவோ அரிசி டின்னின் மேல், 4ஜி என்று காட்டி, கோடு குறையாமல் என் கண் முன்னே கிடக்கிறது.

சேவை நிலையத்தில் முதலில், வெளிநாட்டு நிறுவனம் பூட்டிய போன் என்றார்கள். கனடாவில் 2017 டிசம்பர் முதல் புதிய கைத்தொலைபேசிகளைப் பூட்டி விற்கக் கூடாது என்பது சட்டம். அதுவும் போகட்டும், பூட்டிய போனென்றால் நம் ஊர் சிம் அட்டையையே ஏற்காதே! அடுத்து சிம் பழையது என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. கத்தரிக்கோலால் வெட்டிச் சிறிதாக்கிய அட்டை அது. மாற்றினேன். பலன் இல்லை. கடைசியில் தொடர்மாடியின் கொங்கிரீட் சுவர் மேல் பழி விழுந்தது. கொங்கிரீட் சிக்னலைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே சிம், அதே குசினியில், பழைய கைத்தொலைபேசியில் போட்டால் மணி அடிக்கிறது. சுவர் என்ன, ஆள் பார்த்தா மறைக்கிறது?

விடயத்தை விளக்கியவன் மேல்மாடியில் இருக்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவன். "அன்ரி, ஓர் இலக்கத்துக்கு எடுத்துவிட்டுத் திரையின் மேல் மூலையை மட்டும் பாருங்கள்" என்றான். பார்த்தேன். அழுத்திய உடனே '4ஜி' மறைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு 2ஜியைக் குறிக்கும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து வந்தது, அதன் பின்னர்தான் மறுமுனையில் மணி. பேசி முடித்ததும் 4ஜி திரும்பியது. அதுவரை தேங்கிக் கிடந்த வட்ஸ்அப் செய்திகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

காரணம் இதுதான். 4ஜி அடிப்படையில் தரவுக்காக அமைந்த வலையமைப்பு. அதன் வழியாகவே பேசுவதற்கு 'வோல்ட்டீ' என்ற ஏற்பாடு வேண்டும். கைத்தொலைபேசியில் அந்த வசதி இருந்தால் மட்டும் போதாது. குறிப்பிட்ட மாதிரியில் குறிப்பிட்ட வலையமைப்புக்கு அது இயக்கப்பட்டும் இருக்க வேண்டும். கனடாச் சந்தைக்கான மென்பொருளில் நம் நாட்டு வலையமைப்புக்கான அமைப்பு இல்லாமல் போகலாம். அப்போது ஒவ்வோர் அழைப்புக்கும் கைத்தொலைபேசி 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்க வேண்டும். அந்தப் பழைய சிக்னல் வீட்டுக்குள் மெலிந்திருந்தால், இறங்கும் வழியிலேயே அழைப்பு தவறிவிடும். எடுத்தவருக்கோ 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்ற குரல் கேட்கும். திரையில் தெரியும் கோடுகள் 4ஜியின் கோடுகள். அழைப்பின் கதியை அவை சொல்வதில்லை. எத்தனை கோடு காட்டுவது என்பதற்குப் பொது அளவுகூடக் கிடையாது, தயாரிப்பவர் வைத்ததுதான் அளவு.

ஆகவே இதே தொல்லையில் இருப்பவர்கள் சிம்மைப் பழைய கைத்தொலைபேசியில் போட்டு, வீட்டில் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அதில் அழைப்பு ஒழுங்காக வந்தால் சுவரையும் கோபுரத்தையும் விட்டுவிடலாம். புதியதன் அமைப்புகளில், மொபைல் வலையமைப்புப் பகுதியில், 4ஜி அழைப்புக்கான ஆளி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்து அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். சில மாதிரிகளில் ஆளி தெரியாமலே வசதி இயங்கும் என்பதால், அழைப்பின்போது 4ஜி நிலைக்கிறதா என்பதே நம்பத் தகுந்த சோதனை. என்னுடையதில் ஆளியும் இல்லை, 4ஜியும் நிலைக்கவில்லை. மென்பொருளைப் புதுப்பித்தும் மாறவில்லை. சிம் இப்போது பழையதில். தங்கையின் அன்பளிப்பு வைஃபையில் என் மகனுக்குப் படம் காட்டுகிறது.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நல்ல வசதி ஒன்றை வைத்திருக்கிறது. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை, அதாவது கைத்தொலைபேசியின் அடையாள எண்ணை, முன்னால் ஆங்கிலத்தில் ஐஎம்ஈஐ என்று எழுதி இடைவெளி விட்டு, 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அந்தக் கைத்தொலைபேசி ஆணைக்குழுவிடம் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்க்கலாம். ஆனால் பதிவு இருக்கிறது என்பதற்காகக் குசினியில் மணி அடிக்கும் என்று அர்த்தமில்லை. எந்தெந்த மாதிரிகளில் 4ஜி அழைப்பு இயங்கும் என்ற பட்டியலை ஒவ்வொரு நிறுவனமும் மூன்று மொழிகளிலும் சேவை நிலையத்தில் ஒட்டிவைக்கும்படி ஆணைக்குழு பணிக்க வேண்டும். புறக்கோட்டையிலும் காலி வீதியிலும் வெளிநாட்டுக் கைத்தொலைபேசி விற்கும் கடைக்காரர்கள், காசை வாங்குவதற்கு முன் வாங்குபவரின் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் பிடிக்காது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.