சிருங்காரக் கதைக்காரிக்கு

கோத்தகிரி
ஐப்பசி கடைசி

அடி மலைப்பூண்டு,

இத்தனை நாள் பதில் போடாததற்கு மழையைச் சாக்குச் சொல்ல முடியாது, ஆனாலும் சொல்கிறேன். இங்கே வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்குகிறது. அம்மா நலம். வாத்தியாரம்மா முட்டிவலியோடு இன்னும் ஊரையே விரட்டிக்கொண்டிருக்கிறார். நம் தாடிக்காரன் திருந்தவில்லை. வேறென்ன.

மார்கழியில் குன்னூருக்கு வந்து உன் கதையை நீயே வாசிக்கப்போகிறாய் என்பது தாடி சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா? போகட்டும். பின்னணியில் பாட்டை ஓடவிட்டு வாசிக்கப்போகிறாயாமே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பேனாவை எடுத்ததே அதற்காகத்தான்.

நான் ரசனைச் சண்டைக்கு வரவில்லை. காதுக்கு ஒரு சொல்லை இன்ன சொல் என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மெய்யெழுத்துகள்தான். அவற்றின் தெளிவு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. வயலின், புல்லாங்குழலின் மேலொலிகளும் அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசி வரிசைக்கு ராகம் கேட்கும், உன் வாக்கியம் கேட்காது. பாட்டில் சாகித்யமும், அதாவது சொற்களும், இருந்துவிட்டால் தொலைந்தது. இரண்டு பேச்சில் காது தெரிந்ததன் பக்கம்தான் சாயும். நீ சட்டைப் பொத்தானில் நிற்கும்போது கூட்டம் சரணத்தை முணுமுணுக்கும். அதைவிடக் கொடுமை, எந்த இடத்தில் கிறங்கவேண்டும் என்று இசை முந்திக்கொண்டு சொல்லிவிடும். அப்புறம் நீ எழுதினதற்கு என்ன வேலை?

கூட்டம் வந்து உட்காரும்வரை ஓடட்டும். நீ எழுந்ததும் நிறுத்தச் சொல். முடித்தபின் அரை நிமிடம் சும்மா இரு, பிறகு வேண்டுமானால் போடச் சொல். இடையில் தம்பூரா சுருதிகூட வேண்டாம்.

உனக்குப் பதம் என்கிற காதல் பாட்டுகள் பிடிக்கும் என்பது தெரியாதா எனக்கு? பிருந்தா–முக்தா சகோதரிகள் பாடிய ஒலிநாடாவைத் தேய்த்தே கொன்றவள் ஆயிற்றே. ஆனால் அதைப் போட்டுக் காட்டுவதைவிட அதன் கட்டுமானத்தைத் திருடுவது லாபம். தெலுங்குக் கவி க்ஷேத்ரய்யாவின் பதங்களைப் பல்லவியில் தொடங்காமல், அடுத்த பகுதியான அனுபல்லவியிலிருந்து எடுத்துப் பாடுகிற வழக்கம் உண்டல்லவா? பாட்டு தொடங்கும்போதே புகார் பாதியில் இருக்கும். யார், எங்கே, ஏன் என்பதெல்லாம் பிறகு வரும். உன் கதையில் முதல் இரண்டு பத்தி முழுக்க மூடுபனி, யூகலிப்டஸ் வாசனை, தேயிலைச் சரிவு. குன்னூர்க்காரர்களுக்கே மூடுபனியை விவரிக்கிறாயா? மூன்றாம் பத்தியில், அவள் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நிற்கிற இடத்தில் ஆரம்பி.

பரதக் கலைஞர் பாலசரஸ்வதியின் அபிநயத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் கை வேறு கதை சொல்லும். உரைநடையில் வரியைத் திருப்பிச் சொன்னால் சலிக்கும். ஒரு செய்கையைத் திருப்பலாம். நனைந்து வந்தவளுக்கு அவன் நீட்டுகிற துண்டு கதையில் மூன்று முறை கைமாறட்டும்: முதலில் உபசாரம், அடுத்து கோபம், மூன்றாவதை நீ பார்த்துக்கொள்.

பிருந்தா, முக்தா, பாலா மூவருக்கும் பாட்டி வீணை தனம்மாள். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில், கொஞ்சம் பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, மைக் இல்லாமல் வாசித்தவர். உன் மாதிரி எழுத்துக்கு அந்த அளவுதான் சரி. 30 நாற்காலி கொள்கிற அறை கேள். பெரிய மண்டபமென்றால் முன்வரிசையில் யாராவது பெரியப்பா உட்கார்ந்து உன் தொண்டையை அடைத்துவிடுவார். கூரை தகரமா என்றும் விசாரி. மழை பிடித்தால் நீ வாயசைப்பதுதான் தெரியும்.

மைக் கொடுத்தால் நாலு விரற்கடை தள்ளி, வாய்க்கு நேரே இல்லாமல் ஓரமாகச் சாய்த்துப் பிடி. நேரே பிடித்தால் ‘ப’ வருகிற இடமெல்லாம் காற்று மோதி டொப் டொப் என்று அடிக்கும். உதட்டோடு ஒட்டிவைத்தால் கீழ்ஸ்தாயி தடித்து முதல் நிமிடம் கவர்ச்சியாக இருக்கும், அப்புறம் சொல்லெல்லாம் கலங்கும். முக்கியமாக, கிசுகிசுக்காதே. கிசுகிசுப்பில் குரல்நாண் அதிராது, வெறும் காற்றுதான். ஒலிபெருக்கியில் ‘ச’வும் ‘ஸ’வும் சீறுவது மட்டும் மிஞ்சும். குரலை ஒரு படி இறக்கி, வேகத்தைக் குறை. நிமிடத்துக்கு 90 சொல் போதும். 12 நிமிடம் கொடுத்தால் 1,080 சொல் வருகிறதே என்று முழுக்க நிரப்பாதே, 950-இல் நிறுத்து. மீதி இடைவெளிக்கு.

அந்த இடைவெளியில்தான் உன் சாமர்த்தியமெல்லாம் இருக்கிறது. நீ அனுப்பிய பிரதியில் இந்த வாக்கியத்தைப் பார்: “நனைந்த குடையைச் சாய்த்துவிட்டு, அவன் நீட்டிய துண்டை வாங்காமல், கூந்தலிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, அடுப்படி வெளிச்சத்தில் அவனையே பார்த்தபடி நின்றவள், மெல்லத் தலையைக் குனிந்தாள்.” கண்ணுக்கு அழகு. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருவதால் கேட்பவர் அதுவரை மூச்சைப் பிடித்திருப்பார், உனக்கோ ‘அடுப்படி’யிலேயே மூச்சு தீர்ந்துவிடும். மேடைக்கு இப்படி வை: “துண்டை நீட்டினான். வாங்கவில்லை. தலையை மட்டும் குனிந்தாள்.” ‘வாங்கவில்லை’க்குப் பிறகு மனசுக்குள் மூன்று எண்ணு. பக்கத்து நாற்காலிக்காரர் எச்சில் விழுங்குவது உனக்கே கேட்கும்.

தூண்டுதல் தேடி நீ எங்கெங்கோ போகிறாய். இருக்கிற இடத்தை மறந்துவிட்டாயா? குறிஞ்சிக்குக் கூதிர் என்கிற குளிர்காலமும் முன்பனியும் காலம், யாமம் என்கிற நள்ளிரவு பொழுது என்று தொல்காப்பியம் நமக்கே எழுதிவைத்த மாதிரி இருக்கிறது. குறுந்தொகை 25-ஐ எடுத்துப் பார். கபிலர் பாட்டு, ஐந்தே வரி. கூடின இரவைப் பற்றி ஒரு விவரம் கிடையாது. ஓடுகிற தண்ணீரில் ஆரல்மீனைப் பார்த்துக்கொண்டு நின்ற குருகு ஒன்றுதான் சாட்சி, அதன் கால் தினைத்தாள் மாதிரி. அவ்வளவுதான், மேனி சிலிர்க்கிறது. வள்ளுவர் கணக்கும் அதுவே. காமத்துப்பாலில் 25 அதிகாரம். கூடி மகிழ்வதற்கென்று ஒதுக்கியது 111-ஆவது ஒன்றுதான். மணத்துக்கு முந்தைய களவுக்கு 7, பிந்தைய கற்புக்கு 18. அந்தப் பதினெட்டில் பிரிவும் ஏக்கமும் ஊடலும்தான் நிறைய. உன் கதையில் இந்த விகிதம் தலைகீழ். எட்டுப் பக்கக் கதையில் ஆறு பக்கம் கட்டில்!

இனிக் கொஞ்சம் சீரியஸாக. முத்துப்பழனி தஞ்சை அவையில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குச் சிருங்காரக் காவியத்தை பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் மறுபடி பதிப்பித்தார்; 1911-இலேயே தடை வந்தது, அது விலக 1947 ஆயிற்று. பெண் எழுதினாள், பெண் பதிப்பித்தாள் என்பதுதான் தடை போட்டவர்களை அதிகம் உறுத்தியது என்பது என் கட்சி. உனக்கு இன்றைக்கு ஆபத்து அறைக்குள் இல்லை, கைப்பேசியில். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆவது பிரிவில் இலக்கியத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் 20 விநாடித் துண்டை யாராவது வெட்டிச் சுற்றில் விட்டால் முன்னும் பின்னும் இல்லாமல் அது வெறும் ஆபாசமாகத்தான் தெரியும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆவது பிரிவைக் காட்டி மிரட்ட ஆள் வரும், முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை என்று. ஆகவே அழைப்பிதழிலேயே 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும், ஒலி, ஒளிப்பதிவு கூடாது என்று போடச் சொல். கதையில் இருவரும் வயது வந்தவர்கள் என்பது நீ தொடங்குகிற பத்தியிலேயே தெரிந்துவிடவேண்டும்.

“சொந்த அனுபவமா?” என்று ஒருவர் எழுந்து கேட்பார், நிச்சயம். கொலைக்கதை எழுதுகிறவரிடம் இதைக் கேட்பீர்களா என்று திருப்பிக் கேள், சிரித்துக்கொண்டே.

தாளில் 16 புள்ளி எழுத்து, ஒரு பக்கம் மட்டும், பக்கம் வாக்கியத்தோடு முடியவேண்டும். தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்காதே. பனியில் மெல்லிய தாள் நமுத்துப்போகும், 100 ஜிஎஸ்எம் கனமுள்ளதாக வாங்கு. வாசிப்பதற்கு முன் பால் டீ குடித்தால் தொண்டையில் கோழை கட்டின மாதிரி இருக்கும், வெந்நீர் போதும். பிளாஸ்கை முகத்துக்கு நேரே திறக்காதே, மூக்குக்கண்ணாடியை ஆவி மூடிக்கொள்ளும்.

காரில் வந்தால் நீலகிரிக்கு இ-பாஸ் எடு. அரசுப் பேருந்தென்றால் தேவையில்லை. பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கோவை, மேட்டுப்பாளையம் என்று பிடித்து முதல்நாளே இங்கே வந்துவிடு. வெட்டிச் சுருக்கிய பிரதியை அதற்கு முன்னால் தபாலில் அனுப்பு. ஒன்று மட்டும்: பஸ்ஸில் சத்தம்போட்டு ஒத்திகை பார்க்காதே, கண்டக்டர் பாவம்.

உன்
வர்க்கி