சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

அரிசி மூட்டை, கோழிக்கழுத்து, தடுப்பூசிச் செலவு என்று கொடுத்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. அவர்களுக்கு ரசீதோடு நன்றியும் போய்விட்டது. இந்த மடல் வேறு ஒரு கூட்டத்துக்கு. தெருநாய்களை வைத்துத் தேற்றி அனுப்பும் எங்கள் மடிப்பாக்கம் வீட்டுக்கு வந்து, தரையில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனீர்களே, உங்களுக்கு.

கடுகு என்ற நாயை உங்களில் பாதிப் பேர் முழுசாகப் பார்த்ததே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபின் பள்ளிக்கரணைப் பக்கமிருந்து வந்தவள். கறுப்பு நிறம், இரண்டு வயது இருக்கும். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி, அதுதான் அவள் வீடு. வளையல் குலுங்கினால் இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுவாள். பிறந்து மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் மனிதரோடு பழகாத குட்டிக்கு, அப்புறம் எந்தக் கை நீண்டாலும் அது அடிக்க வரும் கைதான். அதை மாற்றலாம், ஆனால் அவசரப்படுத்த முடியாது.

நாங்கள் அவசரப்படுத்தினோம். இரண்டு தத்து முகாம்களுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனது எங்கள் முட்டாள்தனம். மைக் செட், பிள்ளைகள், பாப்கார்ன். கூண்டின் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். வந்தவர்கள் "லேப்ரடார் இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லாவிட்டால் "காது ஏன் வெட்டுப்பட்டிருக்கு?" என்றார்கள். கருத்தடை ஆனதற்கான அடையாளம் அது என்று நூறு தடவை சொல்லியிருப்போம்.

அப்புறம்தான் பெரம்பூர் ஐயா வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். கூப்பிடவில்லை, பிஸ்கெட் காட்டவில்லை. அவர் வீட்டு அம்மா அடுக்களையில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். போகும்போது ஐயா தன் பழைய கைலி ஒன்றை விட்டுவிட்டுப் போனார். இரண்டாவது வாரமும் பேப்பர்தான். நாலாவது வாரம் சட்டையின் பின்பக்கத்தில் ஈரமூக்கு பட்டிருக்கிறது. மனிதர் திரும்பவே இல்லை! பக்கத்தைப் புரட்டும் சத்தம்கூட வராமல் பத்து நிமிஷம் அப்படியே இருந்தார். ஐயா, அந்தப் பத்து நிமிஷத்துக்கு நாங்கள் எதைத் திருப்பித் தருவது?

கடுகை அவரே தத்தெடுத்துக்கொண்டார். அவர் குடியிருப்பில் லிஃப்டில் நாய் வரக்கூடாது என்று ஒரு சலசலப்பு வந்தது. குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. அதை அச்செடுத்துக் கொடுத்தோம். செயலாளர் வாயை அடைத்தது அந்தத் தாளா, கடுகு ஒரு நாளும் குரைக்காததா, தெரியாது.

ஐயா வீட்டுக்குப் போன பதினோராம் நாள் கடுகு ஓடிவிட்டாள். தண்ணீர் லாரி ஹாரன் அடித்ததும் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு, திறந்திருந்த கேட் வழியாக ஒரே ஓட்டம். மிரளும் நாய்க்கு மார்புப் பட்டையும் சேர்த்து இரண்டு கயிறு போட வேண்டும். அதைக் கொடுத்தனுப்பாதது எங்கள் தவறுதான், ஐயாவுடையது இல்லை.

அவளைத் தேடிய மூன்று நாளில் உதவியவர்கள்: துரத்தாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், எங்கே பார்த்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டதை அப்படியே செய்த டீக்கடை மாஸ்டர். விடியற்காலை நாலு மணிக்கு ரயில் பெட்டிப் பணிமனையான கேரியேஜ் ஒர்க்ஸ் சுவரோரம் பார்த்ததாகப் போன் செய்த தூய்மைப் பணியாளர் அக்காக்கள் இருவர். பிறகு மடிப்பாக்கத்திலிருந்து பெரம்பூர் வரை, "நாய் ஏறினா சீட்டு நாறும்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தாத்தாவை ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோ அண்ணன்.

தாத்தா என்றால் எங்கள் கிழட்டுச் செவலை. பதினாலு வயது. இங்கே வந்த கூச்சக்கார நாய்கள் எல்லாம் அவன் வாலைப் பார்த்துத்தான் பயம் தெளிந்தன. அன்றும் அவனைச் சுவரோரம் கைலி மேல் படுக்க வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தோம். அவன் தூங்கிவிட்டான். முக்கால் மணி நேரத்தில் கடுகு வந்து அவன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள்.

போன தையில் தாத்தா போய்விட்டான். சிறுநீரகம். ஒரு மாதம் தினமும் தோலுக்கடியில் சலைன் ஏற்றினோம். பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் வந்தான். தம்பி, உன் செமஸ்டர் நேரம் அது என்று எனக்குத் தெரியும். கடைசியில் சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினான். எழுந்து நிற்கக் கால் இல்லை. கருணைக் கொலை என்ற சொல்லில் உட்கார்ந்திருக்கும் கொலையைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் இரண்டு நாள் தாமதித்தோம். அவனுக்கு அந்த இரண்டு நாள் தேவையே இல்லை.

டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி, அது முழுசாகப் பிடித்த பிறகுதான் மற்றது என்று பொறுமையாகச் சொன்னார். "கண்ணு மூடாது, காலு லேசா துடிக்கலாம். அவனுக்கு வலிக்காது, நீங்க பயந்துடாதீங்க." அதை முன்கூட்டிச் சொன்னதற்குத் தனியாக ஒரு நன்றி. பெரம்பூர் ஐயா அன்றும் வந்திருந்தார். பேப்பர் கொண்டுவரவில்லை. அவன் தலைமாட்டில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். கேளம்பாக்கம் பக்கம் தன் தென்னந்தோப்பில் இடம் கொடுத்தவருக்கும், ஆழமாகக் குழி வெட்டியவருக்கும், கூலி வாங்க மறுத்த அதே ஆட்டோ அண்ணனுக்கும் கும்பிடு.

தீபாவளிக்கு எங்கள் வாசலில் வெடிக்காமல் தெருக்கோடிக்குப் போய் வெடித்த பிள்ளைகளே, உங்களையும் மறக்கவில்லை.

கடுகு இப்போது ஐயா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தூங்குகிறாள். விருந்தாளி வந்தால் இன்னும் உள்ளேதான் போய்விடுவாள், வால் மட்டும் வெளியே தெரியும்.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இப்போது வேறொருத்தி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வாருங்கள். வளையலைக் கழற்றிவிட்டு வந்தால் நல்லது.

அன்புடன்,
மடிப்பாக்கம் வீட்டிலிருந்து