மவுஸ் தானாக நகராது

ஆசிரியருக்கு வணக்கம்.

தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை ஆட்டுவிக்கும் ட்ரோஜன் (நல்ல ஃபைல் போல நடித்து உள்ளே நுழையும் திருட்டு புரோகிராம்) பற்றிப் போன வாரம் நீங்கள் போட்ட கட்டுரையில், மவுஸ் தானாக நகர்ந்தாலோ கம்ப்யூட்டர் மெதுவானாலோ உஷாராகுங்கள் என்று இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை நடத்துகிறேன். இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருந்தால் கோட்டை விட்டுவிடுவோம். நான் விட்டேன்.

என் கடையில் மவுஸ் நகரவும் இல்லை, வேகம் குறையவும் இல்லை. ஆன்டிவைரஸ் பச்சை டிக் போட்டுக்கொண்டு சும்மா இருந்தது. ஒரு நாள் இரவு கடையைக் கட்டும் நேரத்தில், பிரவுசரையெல்லாம் மூடிவிட்டு, வேறு ஏதோ நெட் பிரச்னைக்காக கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஸ்டாட் (கம்ப்யூட்டர் எந்தெந்த முகவரிகளோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால், தெரியாத வெளி முகவரி ஒன்றோடு இணைப்பு திறந்தே கிடக்கிறது. அந்த வரியிலிருந்த புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினேன். எஸ்விசிஹோஸ்ட் என்று நல்ல பிள்ளை மாதிரி பெயர். ஆனால் விண்டோஸின் சொந்த எஸ்விசிஹோஸ்ட் சிஸ்டம்32 என்ற விண்டோஸ் ஃபோல்டர் பக்கம் இருக்க வேண்டியது, இது மற்ற புரோகிராம்கள் தங்கள் தகவலை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருந்தது. அழித்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் மறுபடி வந்துவிட்டது! இன்னொரு பிரதியை வேறிடத்தில் ஒளித்துவைத்து, அதை எழுப்ப, புரோகிராம்களைத் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையும் எழுதி வைத்திருந்தது.

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன் அந்த ஃபைலை வெளி நெட் இல்லாத வெர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் தனிக் கம்ப்யூட்டர்) ஓடவிட்டு, ஒரு புரோகிராம் என்னென்ன செய்கிறது என்று காட்டும் புராசஸ் மானிட்டர் வைத்துக் கவனித்தான். முதல் சில நிமிடம் அசையவே இல்லையாம், தானியங்கிச் சோதனைகளை ஏமாற்ற இப்படித் தூங்குமாம். அப்புறம் தன்னை நகலெடுத்தது, நாம் தட்டும் எழுத்தையெல்லாம் ஒரு ஃபைலில் சேர்த்தது, சில விநாடிக்கு ஒருமுறை அதே முகவரியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

இந்தக் கூப்பிடுதல்தான் விஷயமே. 1998இல் வந்த பேக் ஆரிஃபிஸ் என்ற இதே வகைப் புரோகிராம் ஒரு போர்ட்டைத் (நெட் வழி வருவோருக்கான கதவு) திறந்துவைத்துக் காத்திருக்கும், வெளியே இருப்பவன் வந்து தட்டுவான். இப்போது பெரும்பாலும் தலைகீழ், உள்ளே இருப்பதே வெளியே கூப்பிடுகிறது, அதனால் வெளியிலிருந்து வருவதை மட்டும் தடுக்கும் ரவுட்டர் இதைக் கண்டுகொள்வதில்லை. உங்கள் கட்டுரையில் இந்த ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

வந்த வழி, பிரின்ட் எடுக்கக் கொண்டுவந்த ஒரு பென்டிரைவ். பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ என்ற ஃபைலின் கடைசி வாலை விண்டோஸ் மறைத்துவிட்டதால் பிடிஎஃப் என்று நினைத்துத் திறந்தது நான்தான். கொண்டுவந்தவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கே தெரிந்திருக்காது.

அப்புறம், உடனே ஃபார்மேட் செய்யவும் என்று முடித்திருந்தீர்கள். பணம் போயிருந்தால் தடயமும் சேர்ந்து போய்விடும், சார். முதலில் நெட்டைப் பிடுங்க வேண்டும், வேறு கருவியில் பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும், பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்ல வேண்டும், ஃபார்மேட் அதற்கெல்லாம் பிறகுதான்.

என் மெஷினில் பாஸ்வேர்டு தட்டிய வாடிக்கையாளர்களில் நினைவில் இருந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து, மாற்றிவிடுங்கள் என்று சொன்னேன். இரண்டு பேர் அதோடு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இப்படிக்கு,
டைப்பிங் சென்டர்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்