அப்பா பார்த்த எக்ஸ்ரே

கண்ணு,

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து கால் எக்ஸ்ரேயைப் போனில் அனுப்பினாய், நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, ஓடு" என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதினேன். ரங்கூனில் முப்பது வருடம் இருட்டறையில் பிலிம் கழுவியவன் எழுதியது அது. அப்புறம் எம்ஆர்ஐயில் விரிசல் என்று நீ சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. மயிரிழை விரிசல் முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்ஆர்ஐதான் மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதை வைத்துக் காட்டிக்கொடுக்கும். எலும்பு மெலிவதும் அப்படித்தான், மூன்றில் ஒரு பங்கு கரைந்தால்தான் சாதா எக்ஸ்ரேயில் மங்கலாகத் தெரியும். இதெல்லாம் தெரிந்தவன்தான். மகள் கால் என்றதும் மறந்துபோனேன்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்புக்கு இசட் ஸ்கோர் மைனஸ் 2.3 என்கிறாய். உன் வயதுப் பெண்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது, மைனஸ் 2-க்குக் கீழே என்றால் வயதுக்குத் தகுந்த எலும்பு இல்லை. பட்டினி கிடந்தால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும், அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறும், உடம்பு எலும்பு கட்டும் வேலையை நிறுத்திவிடும். விசித்திரம் பார், மேலே கொழுப்பே இல்லாதபோது மஜ்ஜைக்குள் கொழுப்பு கூடுமாம்.

கோபிக்காதே, அம்மாவிடம் நீ சொன்னதை அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். கருத்தடை மாத்திரையால் மாதவிலக்கு வருவதை வைத்து எலும்பு தேறிவிட்டது என்று நினைக்காதே. மாத்திரையை நிறுத்தினால் தானாக வருகிறதா என்பதுதான் கேள்வி. எடை ஏறி, அது தானாகத் திரும்பினால்தான் எலும்பும் மெல்லத் தேறும். உனக்கு 24, எலும்பு சேரும் காலம் முப்பதோடு முடிந்துவிடும், அதுதான் எனக்குப் பயம்.

இரண்டு வருடம் முன்னால் உன் போட்டோவைப் பார்த்து "இப்போதான் பார்க்க நல்லா இருக்கே" என்று எழுதியதும் நான்தான். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

திஞ்சானுக்கு, பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு, வா. அம்மா மொஹிங்கா, அந்த மீன் குழம்பு நூடுல்ஸ், வைப்பாள், உன் கிண்ணத்தை யாரும் எட்டிப் பார்க்க மாட்டோம். இளைத்தாய், பூசினாற்போல் ஆனாய் என்ற பேச்சே வரக்கூடாது என்று சித்தியிடமும் சொல்லியாயிற்று, அவள் வாய் அடங்குமா தெரியவில்லை.

அடுத்த டெக்ஸாவை டாக்டர் சொல்லும்போது அதே மெஷினில் எடு, மெஷின் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்பு, சும்மா படிக்கத்தான். ஓடலாமா என்று மட்டும் என்னைக் கேட்காதே.

அப்பா