தவிலுக்கு அரை மணித்தியாலந்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்திய, இலங்கை உறவை வளர்க்கவென்று அண்மையில் எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் நடந்த கர்நாடக இசை விழாவுக்குப் போயிருந்தேன். பாட்டுக்குக் குறை சொல்ல மாட்டேன். சென்னையிலிருந்து வந்த பாடகி கரகரப்பிரியா ராகத்தை விரித்த விதத்துக்கு விடியும்வரைகூட இருந்திருக்கலாம். என் முறைப்பாடு நாதஸ்வரம், தவில் பற்றியது.

அழைப்பிதழில் 'மாலை 4.30, மங்கல இசை' என்று ஒரு வரி. வாசிப்பது யார் என்றுகூடப் போடவில்லை. அவர்கள் தொடங்கியபோது கீழே கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தவில்காரர் சின்னப் பொடியன், ஆனால் கை நல்ல கை. தவில் மட்டும் தனித்து வாசிக்கிற தனி ஆவர்த்தனம் எடுத்து, ஐந்தைந்தாக எண்ணுகிற 'கண்ட' நடைக்குள் இறங்கிய நேரம் பார்த்து, பிரதம விருந்தினரின் வாகனம் வந்துவிட்டது என்று ஒருவர் ஓடிவந்து கையைக் காட்டினார். அவ்வளவுதான், அரை மணித்தியாலத்தோடு மங்களம் வாசித்து எழும்பிவிட்டார்கள். மேடையில் குத்துவிளக்கு ஏற்றும்போது அந்தப் பொடியன் ஓரமாக நின்று விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் இரு நாட்டு உறவு பற்றி நீண்ட பேச்சுகள்.

அந்த உறவை நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிற மேளகாரர்கள் எப்போதோ வளர்த்துவிட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வித்துவான்கள் கடல் கடந்து வந்து எங்கள் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய வாசித்திருக்கிறார்கள். 1975இல் நாற்பது சொச்ச வயதில் மறைந்த எங்கள் தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அக்கரைக்குப் போய், அங்கத்தைய தவில் வித்துவான் நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளையோடு ஜோடி சேர்ந்து வாசித்து, தவிலின் ஊரிலேயே பெயர் வாங்கினார். நல்ல நாதஸ்வரம் வேண்டுமென்றால் இன்றைக்கும் அக்கரை நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்ததுதான், வாயில் வைத்து ஊதுகிற சீவாளிக்குத் திருவாவடுதுறை. ஒப்பந்தமும் கையெழுத்தும் இல்லாமலே நடக்கிற கொடுக்கல் வாங்கல் இது.

ஆகவே அடுத்த விழாவில் மேளத்துக்கு ஓர் இரவு முழுவதையும் ஒதுக்குங்கள். இரண்டு நாதஸ்வரம், நான்கு தவில். பாதிப்பேர் திருவாரூர், கும்பகோணம் பக்கம். மற்றப் பாதி இங்கே இணுவில், அளவெட்டி. மண்டபம் வேண்டாம். இந்தியா கட்டித் தந்திருக்கும் கலாசார மண்டபம் அழகானதுதான், ஆனால் மூடிய சுவருக்குள் நான்கு தவிலுக்கு ஒலிவாங்கியும் வைத்தால் சனம் காதைப் பொத்திக்கொண்டு ஓடும். கோயில் வெளிவீதி மணலில் பாயை விரித்தால் போதும்.

செலவு என்பார்கள். தவிலை விமானத்தில் ஏற்றி இறக்குவது பெரிய பாடு, சரி. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023இல் தொடங்கி, இடையில் நின்று, 2024இல் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பல் எதற்கு? கடல் அடங்கியிருந்தால் நான்கு மணித்தியாலம். நாகையிலிருந்து திருவாரூர் கூப்பிடு தூரம்.

ஒன்று, மார்கழியில் வைக்காதீர்கள். அப்போது கடலும் கொந்தளிக்கும், அக்கரை வித்துவான்களுக்கும் சென்னையில் கச்சேரி சீசன். மாசி, பங்குனி வசதி. வாசிப்பவர்களின் பெயரை ஊரோடு சேர்த்து அழைப்பிதழில் போடுங்கள். பிரதம விருந்தினர் பிந்தி வந்தால் அவரும் பாயில் இருந்து கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
இணுவில்